தகரச் சிறையும் ஆகாயக் கப்பலும்

மலாக்காவின் காஜா பெராங் பகுதிக் கோகிலாவுக்குத் தீராத இருமல் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவள் நெஞ்சில் சளியும் கிடையாது, கிளியும் கிடையாது. வீட்டுக்காரர் இருக்கும் அறையின் கதவைத் திறக்கும் முன்னால் இருமுவாள், அவ்வளவுதான். இருமாமல் திறந்தால் உள்ளே கட்டிலில் இருக்கும் தேவதாஸ் விருட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். இருமினாலும் திரும்பத்தான் செய்வார், ஆனால் கொஞ்சம் மெதுவாகத் திரும்புவார். அந்த மெதுவுக்காகத்தான் அத்தனை இருமலும்.

காப்பியை முக்காலியில் வைப்பாள். அவர் முதுகை ஒரு தடவை பார்ப்பாள். வாயைத் திறக்காமல் வெளியே வந்துவிடுவாள். அடுப்பு வேலையை முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் காப்பி ஏடு படிந்து அப்படியே ஆறிக் கிடக்கும், மனுஷன் அதே சுவரைப் பார்த்தபடி அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார். பிறகு தெருவில் சைக்கிள் மணி அடித்தோ, பக்கத்து வீட்டுக் கோழி கத்தியோ, எதுவோ ஒன்று அவரை எழுப்பிவிடும். எழுந்து வந்தால் சாதாரண ஆள்தான். பல் துலக்குவார், பெயிண்ட் டின்களைச் சைக்கிளில் மாட்டுவார், கடைத் தெருவில் வாய் ஓயாமல் பேசுவார். தன் மூஞ்சியைப் பார்க்கத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று கோகிலா தீர்மானித்துக்கொண்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. தீர்மானித்த பிறகு அழுகையும் நின்றுவிட்டது. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

அவர் வெறுப்பதற்குக் காரணம் இருக்கிறது என்பது அவள் கணக்கு. தேவதாஸ் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். கல்யாணமான புதிதில், செங் பக்கத்து ரப்பர் தோட்டத்துச் சங்கம் மே தின ஊர்வலத்துக்குப் பதாகை எழுதித் தரச் சொன்னது. பலகை எழுதுகிறவனுக்கு மிட்டாய்க் கடை என்ன, சங்கம் என்ன? எழுதிக் கொடுத்தார். அது வெள்ளைக்காரன் மலாயாவில் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டு இருக்கிறான் என்று நாட்டுக்குள் இருக்கிறவனைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, வடக்கே ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று அவர் வீடு திரும்ப. அத்தனை காலத்தில் கோகிலா ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. "நீ அங்க போயி நின்னா, என் கவர்மெண்டு வேல போயிடும்" என்று அண்ணன் மருதமுத்து சொன்னான். அவன் வீட்டில், அவன் சோற்றில் இருந்தவள் அவள். என்ன செய்வாள்? ஆனால் அந்தப் பதிலை அவளே ஏற்றுக்கொள்ளவில்லை.

தெருவில் கேட்டால் தேவதாஸ் புரூணை எண்ணெய்க் கிணற்றில் வேலைக்குப் போயிருந்தார் என்பார்கள். எல்லாருக்கும் உண்மை தெரியும். எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட பொய் அது. நல்ல தெரு என்றுதான் சொல்ல வேண்டும்.

விட்டவர்கள் சும்மா விடவில்லை. ஒரு வருஷத்துக்குக் கட்டுப்பாட்டு உத்தரவு. மலாக்கா நகரத்தைத் தாண்டக் கூடாது, வாரா வாரம் போலீஸ் ஸ்டேஷனில் தலையைக் காட்ட வேண்டும், கூட்டத்தில் பேசக் கூடாது, முக்கியமாக, முகாமைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. மீறினால் பழையபடி உள்ளே. ஐம்பத்தேழு ஆகஸ்டில் நாடே மெர்டேக்கா, சுதந்திரம் என்று கூவியபோது, கடைத் தெருவில் தொங்கிய மெர்டேக்கா பலகைகளில் பாதி அவர் கையெழுத்து. எழுதியவர் மட்டும் கூட்டத்துக்குப் போக முடியாமல் பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டார். உத்தரவு தைமாதப் பொங்கல் கழிந்து ஜனவரிக் கடைசியில் முடிகிறது. அதுவரை ஒரு தும்மல்கூடத் தப்பாகப் போய்விடக் கூடாது என்று கோகிலா சாமிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரஷ்யாக்காரன் ஒரு உருண்டையை ஆகாயத்தில் சுற்றவிட்டான். காப்பிக் கடையில் உட்கார்ந்தவனெல்லாம் மேலே அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தான். வாலிபர் மன்றத்துத் தலைவர் கலியாணசுந்தரத்துக்கு ஆசை பிடித்துக்கொண்டது. வருஷா வருஷம் பொங்கலுக்குக் கிரீடம் வைத்த புராண நாடகம் போட்டுப் போட்டு, கிரீடத்தில் அட்டையே மிஞ்சியிருந்தது. இந்தத் தடவை ஆகாயக் கப்பல் நாடகம் போடலாம் என்றார். கதைக்கு எங்கே போவது என்று எல்லாரும் முழித்தபோது, மூலையில் பலகைக்கு மை பூசிக்கொண்டிருந்த தேவதாஸ், "எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றார்.

அவர் சொன்ன கதை இதுதான். வருங்காலத்தில், நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு போர்க்கப்பல் போகிறது. அதன் அடிவயிற்றில் ஒரு சிறை. அதில் ஒரு கைதி. கப்பலின் மேல் எழுதக் கூடாத எதையோ எழுதிவிட்டான் என்பது குற்றம். அறைக்கு ஜன்னல் இல்லை. அதனால் கப்பல் போகிறதா நிற்கிறதா என்றே அவனுக்குத் தெரியாது. போகிறது என்று நம்பினால்தான் பைத்தியம் பிடிக்காது. ஆகவே தினமும் அவன் சுவரைத் தட்டி அடுத்த அறைக் கைதியிடம், இன்று எந்தக் கிரகத்தைத் தாண்டுகிறோம் என்று கேட்பான். ஒருநாள் அடுத்த அறையிலிருந்து பதில் வராது. கடைசியில் போர் முடிந்து கதவு திறக்கும்.

மன்றத்தில் கைதட்டினார்கள். எழுதுவதற்குக் கோகிலாவை உட்கார வைத்தார்கள், அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று. தேவதாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஒரு வார்த்தைக்கும் அவர் யோசிக்கவில்லை. இந்தக் கதையை இவர் ஏற்கெனவே பலமுறை சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. யாரிடம் சொன்னார் என்று கேட்காமல் அடுத்த வரியை எழுதினாள்.

சிறையைக் கட்டும்போதுதான் கூத்து. கலியாணசுந்தரத்துக்கு ஜிகினாத் தாள் ஒட்டி, கலர் பல்பு மாட்டி, பளபளவென்று வேண்டும். தேவதாஸோ மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டி நிமிர்த்திச் சுவராக்கி, சாம்பல் நிறம் அடித்து, மூலையில் ஒரு வாளியைக் கொண்டுபோய் வைத்தார்.

"ஆகாயத்துல போற கப்பல்ல வாளி எதுக்குய்யா?" என்றார் தலைவர்.

"வருங்காலத்துல மனுசனுக்கு வயிறு இருக்காதுங்களா?"

"அதுக்கில்ல லா. சனங்க காசு குடுத்து வர்றாங்க. விஞ்ஞானமா ஏதாவது வேணாமா? கதவு தானா தொறக்கணும், தானா மூடணும்."

"கதவு தானா தொறந்தா அது ஜெயிலு இல்லீங்க. ஒருத்தன் வந்துதான் தொறக்கணும். அவன் எப்ப வருவான்னு தெரியக் கூடாது. அதான் ஜெயிலு."

புரூணையில் இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டிய இடம் அது. நல்ல தெரு என்று சொன்னேன் அல்லவா, தலைவர் கேட்கவில்லை.

கதவைச் செய்தவன் ராஜன். காஜா பெராங்கிலேயே செட்டி கம்பத்துக்காரன், பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழர்களின் குடியிருப்பு அது. பேர் தமிழ், சாமி தமிழ், சாமிக்கு வைக்கும் பொங்கல் தமிழ், பேசுகிற பேச்சு மட்டும் அவர்கள் வீட்டு மலாய். நாடகத்தில் சிறைக் காவலன் வேஷம் அவனுக்குத்தான், ஏனென்றால் அவனைப்போல ஆஜானுபாகுவான ஆள் மன்றத்தில் வேறு யாரும் இல்லை. நாலு வரி வசனத்தை ரூமி என்கிற ஆங்கில எழுத்தில் சிகரெட் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, சுத்தியல் அடிக்கும்போதெல்லாம் மனப்பாடம் செய்வான். "கைதியே, சுவரைப் பார்த்து உட்கார்! சோதனை!" என்று அவன் தமிழில் உறுமுவதைக் கேட்டு மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

கதவுக்கு மரத் தாழ்ப்பாள் போதும் என்றான் ராஜன். வேண்டாம், இரும்புத் தாழ்ப்பாள் என்றார் தேவதாஸ். பழைய கிட்டங்கிக் கதவிலிருந்து கழற்றி வந்து மாட்டினார்கள். சாயங்காலம் எல்லாரும் போனபின் அவர் அந்தத் தாழ்ப்பாளை இழுப்பதும் விடுவதுமாகத் தனியே நின்றதைக் கோகிலா பார்த்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள் ஒரு வெட்டு வெட்டியது.

"எதுக்குங்க இத இழுத்துக்கிட்டு?"

"இத ஒரு நாளாவது நானா இழுத்துப் பாக்கணும்னு இருந்துச்சு" என்றார். அவள் பக்கம் திரும்பவில்லை.

பொது இடத்தில் நாடகம் போட போலீஸ் அனுமதி வேண்டும். வசனம் முழுவதையும் முன்கூட்டியே கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். அப்போதுதான் மலாக்காவுக்கு மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஜெயபாலன் யாழ்ப்பாணத்துப் பரம்பரை, சுத்தமான தமிழ் படித்தவர். நாடகத்தை இரண்டு தடவை படித்தாராம். பிறகு முத்திரை குத்திக் கொடுத்து, "நான் முன்வரிசையில் இந்தப் பிரதியை வைத்துக்கொண்டு இருப்பேன்" என்று மட்டும் சொன்னாராம். கலியாணசுந்தரம் அதைப் பெருமையாக வந்து சொன்னார். கோகிலா ஜனவரி முடிய இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தாள்.

ஒரே ஆறுதல், தேவதாஸ் மேடை ஏறப்போவதில்லை. கைதி வேஷம் நல்லையாவுக்கு. கதை சொன்னதும் தகரம் அடித்ததும் குற்றமாகாது.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானக் காட்சி. பள்ளிக்கூட மண்டபம். ஆகஸ்டில் கட்டிய காகிதக் கொடிகள் சாயம் போய் இன்னும் உத்தரத்தில் தொங்கின. செங், ஆயர் குரோ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரி பிடித்து வந்திருந்தார்கள். செட்டி கம்பத்துப் பெண்கள் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக இரண்டு வரிசையை நிறைத்து, ராஜன் எப்போது வருவான் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நல்லையாவின் தம்பி ஓடிவந்தான். நல்லையா காய்ச்சலில் கிடக்கிறான், தலையைத் தூக்க முடியவில்லை, வரமாட்டான்.

கலியாணசுந்தரம் கையைப் பிசைந்தார். கைதியின் வசனம் முழுவதும் தெரிந்தவர் ஊரில் ஒரே ஒருவர்தான். எல்லாரும் தேவதாஸைப் பார்த்தார்கள்.

"வேணாங்க" என்றாள் கோகிலா. ஆண்கள் கூடி நிற்கும் இடத்தில் அவள் அப்படிச் சத்தமாகப் பேசியது அதுவே முதல் தடவை. "டிக்கட் காச திருப்பிக் குடுத்துடுங்க. மாசம் முடிய இன்னும் நாளு இருக்கு. வேணாங்க."

தேவதாஸ் நேரே போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றார். அவள் பின்னாலேயே போனாள். ஜெயபாலன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீர் கூட்டத்தில் பேசக் கூடாது. தெரியும்தானே?"

"தெரியுங்க ஐயா. இது பேச்சு இல்ல, வேஷம்."

"வேஷமாகவே இருக்கட்டும்." இன்ஸ்பெக்டர் மடியில் இருந்த பிரதியைத் தட்டினார். "இதில் உள்ளது உள்ளபடி. ஒரு சொல் கூடினால் நான் எழுந்து நிற்பேன். திரை இறங்கும். நீர் என்னோடு ஸ்டேஷனுக்கு வருவீர். அங்கிருந்து எங்கே என்று நான் சொல்லத் தேவையில்லை."

"ஒரு சொல்லும் கூடாது ஐயா" என்றார் தேவதாஸ்.

எடுத்துக்கொடுப்பவள் கோகிலாதான். பக்கத்திரைக்குப் பின்னால் நின்று, யாராவது வசனம் மறந்தால் மெல்லச் சொல்லித்தருவது அவள் வேலை. ஒரு சொல் கூடக் கூடாது. குறையலாம், குறைந்தால் பரவாயில்லை, கூடக் கூடாது. இதையே அவள் மனசுக்குள் மந்திரம்போலச் சொல்லிக்கொண்டாள்.

திரை விலகியதும் சனங்கள் அசந்துவிட்டார்கள். ஜிகினா இல்லை, பல்பு இல்லை. சாம்பல் நிறத் தகர அறை, ஒரு வாளி, மேலே மங்கலாக ஒரு விளக்கு. கப்பல் ஓடும் சத்தத்துக்கு யாரோ தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்கள். தேவதாஸ் உள்ளே நடந்தார், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை. சுவர் வரும் முன்பே திரும்பினார். அவர் பார்த்துத் திரும்பவில்லை, கால் தானாகத் திரும்பியது. சுவரைத் தட்டினார், அடுத்த அறைக்காரனோடு பேசினார், சிரித்தார். மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. முதல் காட்சி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. இன்ஸ்பெக்டரின் விரல் வரி வரியாக இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு சொல்லும் கூடவில்லை. கோகிலாவுக்கு முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

மூன்றாவது காட்சியில் காவலன் வர வேண்டும். ராஜன் தாழ்ப்பாளை இழுத்தான். படார் என்று இரும்புச் சத்தம் மண்டபமெங்கும் ஒலித்தது. கதவைத் திறந்துகொண்டு காக்கிச் சட்டையில் அவன் வந்து நின்றதும், செட்டி கம்பத்து வரிசைகளில் கலகலவென்று சிரிப்பு, "ராஜன்! ராஜன்!" என்று கூப்பாடு. போதாததற்கு நேர் எதிரே நிஜ இன்ஸ்பெக்டர். ராஜன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மனப்பாடம் செய்த தமிழெல்லாம் ஆவியாகிவிட்டது.

"கைதியே..." என்று கோகிலா எடுத்துக் கொடுத்தாள். "கைதியே, சுவரைப் பார்த்து..."

அவள் குரலைக் கேட்டதும் அவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது நினைவு வந்தது, எப்படிச் சொல்ல வேண்டும் என்பது வரவில்லை. மனசில் இருந்ததைத் தன் வீட்டுப் பேச்சில் கொட்டிவிட்டான்.

"டுடோக்! பண்டாங் டிண்டிங்!"

உட்கார், சுவரைப் பார். அதே அர்த்தம்தான். சனங்கள் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

தேவதாஸ் வேஷக்காரர் உட்காருவதுபோல் உட்காரவில்லை. யாரோ முழங்காலை வெட்டிவிட்டதுபோல் அப்படியே குந்தினார். இரண்டு கையும் தலைக்கு மேல் கோத்துக்கொண்டன. மூக்கு தகரத்தில் இடிக்கும் அளவுக்குச் சுவரை ஒட்டினார். தொண்டை கிழிய மலாயில் கத்தினார்:

"எம்பாட் சத்து லாப்பான்!"

நாலு, ஒன்று, எட்டு. அந்த எண் பிரதியில் இல்லை. கோகிலா எழுதிய எந்தப் பக்கத்திலும் இல்லை.

ராஜன் மிரண்டுபோனான். ஒத்திகையில் செய்ததுபோல் வாளியைப் புரட்டிப் பார்த்து, சோதனையை முடித்து, வெளியே போய்க் கதவைச் சாத்தினான். இனிக் கைதி எழுந்து சுவரைத் தட்டிப் பேச வேண்டும். தேவதாஸ் எழவில்லை.

"அண்ணே, இன்றைக்கு எந்தக் கிரகத்தைத் தாண்டுகிறோம்" என்று கோகிலா எடுத்துக் கொடுத்தாள். அசைவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அசைவில்லை. தையல் மெஷினை மிதித்தவர் பயந்துபோய் நிறுத்திவிட்டார். தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கு இந்தக் குந்தல் புதிதல்ல போலும். சாயம்போன கொடிகள் மின்விசிறிக் காற்றில் படபடத்தன.

கோகிலா அந்த முதுகைப் பார்த்தாள். இந்த முதுகு அவளுக்குத் தெரியும். ஒரு வருஷமாகத் தினம் காலையில் பார்க்கிற முதுகு. அதே கூன், அதே இறுகிய கழுத்து. கோபமில்லை. இது கோபமே இல்லை. அந்த மனுஷன் அவள் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பவில்லை. கதவு திறந்தால் திரும்ப வேண்டும் என்று அந்த உடம்பை யாரோ பழக்கிவைத்திருக்கிறார்கள். திரும்பியவன் தானாக எழக் கூடாது. எழு என்று ஒருத்தர் சொல்லும்வரை அவர் காத்துக்கொண்டிருக்கிறார். தினம் தினம் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். நானோ காப்பியை வைத்துவிட்டு ஊமைபோல வந்திருக்கிறேன், பாவி நான்!

எழுப்ப ஒரு சொல் வேண்டும். அது எந்தச் சொல் என்று அவளுக்குத் தெரியவில்லை. ராஜனுக்கும் தெரியவில்லை. மேடைக்கு ஓடிப்போய் அவரைத் தூக்கலாமா என்று ஒரு காலை எடுத்து வைத்தாள். அப்போது முன்வரிசையில் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார்.

முடிந்தது என்று நினைத்தாள். திரை இறங்கும், ஸ்டேஷன், லாரி, வடக்கு. கயிற்றைப் பிடித்திருந்தவன் இன்ஸ்பெக்டரின் கையசைவுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் கையசைக்கவில்லை. பிரதி அவர் மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. அவர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சுண்டியிருந்தது. பிறகு அவர் வாய் திறந்தது. சற்று முன் சுத்தத் தமிழ் பேசிய வாய்தான், ஆனால் குரல் வேறு ஆளுடையது. வரிசையாகக் குந்தியிருக்கும் ஆட்களுக்கு முன்னால் நடந்து பழகிய குரல் அது.

"பங்குன்!"

எழுந்திரு.

தேவதாஸ் எழுந்தார். கை தலையிலிருந்து இறங்கியது. இங்கும் அங்கும் பார்த்தார், தூங்கி விழித்தவர் இடம் அடையாளம் தேடுவதுபோல. தகரம், வாளி, விளக்கு, பக்கத்திரையின் ஓரத்தில் கோகிலா. அவளைப் பார்த்தார். நேராக, முகத்தை நிமிர்த்தி.

"அண்ணே" என்று வசனத்தை எடுத்துக் கொடுக்க அவள் உதடு மட்டும் அசைந்தது.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பி இரண்டு தட்டுத் தட்டினார். "அண்ணே, இன்றைக்கு எந்தக் கிரகத்தைத் தாண்டுகிறோம்?" என்றார். பதில் வரவில்லை. வரக் கூடாது என்பதுதான் நாடகம். அவரே பதில் சொல்லிக்கொண்டார். தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டரும் நாடகத்தில் ஒரு பாத்திரம்தான் என்று நினைத்துக்கொண்ட சனங்கள் கைதட்டித் தீர்த்தார்கள். அவர் மெல்ல உட்கார்ந்தார். தரையில் கிடந்த பிரதியை எடுக்கவில்லை.

நாடகம் முடிந்து இன்ஸ்பெக்டர் மேடைக்குப் பின்னால் வந்தபோது பிரதி அவர் கையில் இருந்தது. ராஜன் முந்திக்கொண்டு ஓடினான். "லூப்பா, துவான்! தமில் லூப்பா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான். மறந்துவிட்டேன் ஐயா, தமிழ் மறந்துவிட்டது என்று அழாத குறை. இன்ஸ்பெக்டர் அவனை ஒதுக்கிவிட்டுத் தேவதாஸ் முன்னால் வந்து நின்றார். கலியாணசுந்தரம் எங்கோ மறைந்துவிட்டார்.

"எழுத்தில் இல்லாதது வந்தது" என்றார்.

தேவதாஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"காவலன் பேசிய மலாய் இதில் இல்லை. அந்த எண்ணும் இதில் இல்லை. அது எங்கே கொடுக்கப்பட்ட எண் என்று எனக்குத் தெரியும்."

கோகிலா நடுவில் வந்து நின்றாள். அண்ணன் வீட்டில் வாயை மூடிக்கொண்டு கிடந்த அத்தனை வருஷமும் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்துவிட்டது.

"மூணாவதும் ஒண்ணு வந்துச்சுங்க ஐயா. அதுவும் இதுல இல்ல. அதச் சொன்னது எங்க வீட்டுக்காரரு இல்ல, நீங்க."

இன்ஸ்பெக்டர் அவளை வெகுநேரம் பார்த்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"இங்கே வரும் முன் இரண்டு வருஷம் அங்கேதான் இருந்தேன்" என்றார் கடைசியில், அவளிடம் அல்ல, தேவதாஸிடம். "எந்த அறை என்று ஞாபகமில்லை. முகமும் ஞாபகமில்லை. முதுகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்."

"எனக்கும் குரலுதாங்க ஐயா ஞாபகம்" என்றார் தேவதாஸ். "உங்க முகத்த இன்னிக்கித்தான் பாக்குறேன்."

ஜெயபாலன் பேனாவை எடுத்தார். பிரதியின் மேலட்டையில், அனுமதித்தபடி நடந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைத் தகரச் சிறையின் வாளிமேல் வைத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்று பொய்க் கையெழுத்துப் போட்டார், அதுவரை தெரியும்.

வீட்டுக்கு நடந்துபோகும்போது தேவதாஸ் தானாகப் பேசினார். அடுத்த அறையில் இருந்தவர் பெயர் பொன்னுதுரை, தோட்டத்து ஆள். தினம் காலையில் சுவரைத் தட்டி, "எங்கய்யா போயிட்டு இருக்கோம் இன்னிக்கி?" என்று கேட்பார். ஒருநாள் இவர் செவ்வாய் என்று சொன்னார், பிறகு சனி, பிறகு பெயரில்லாத நட்சத்திரங்கள். அப்படித்தான் கதை வளர்ந்தது. ஒருநாள் இவர் தட்டினால் பதில் இல்லை. நாகப்பட்டணம் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர் இந்தியாவைப் பார்த்ததே கிடையாது, இங்கே பிறந்தவர்.

"நான் ஒரு நா கூட வந்து பாக்கலியே" என்றாள் கோகிலா. நடுத்தெருவில் அழுதாள். "அந்தக் கோவமோன்னு நெனச்சுட்டேன்."

"நீ வராததே நல்லது. வந்திருந்தா என்னக் குந்த வச்சுத்தான் காட்டிருப்பாங்க."

மறுநாள் காலை காப்பியைக் கலந்துகொண்டு அறைக் கதவின் முன் நின்றாள். இருமவில்லை. கதவைத் திறந்தாள். உள்ளே அவர் விருட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பினார். ஒரே நாளில் உடம்பு மறந்துவிடுமா என்ன? கழுத்து இறுகி, தோள் கூனி, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காப்பியை முக்காலியில் வைத்தாள். வெளியே போகவில்லை. அந்த முதுகின் பக்கத்தில் போய் நின்றாள்.

"எந்திரிங்க" என்றாள்.

அவர் எழுந்தார். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். காப்பி சூடாக இருந்தது, நின்றபடியே குடித்தார்.